மூன்று தடவை காணாமல் போன முகம்

முள்ளுக்குறிச்சிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது பஸ் இருமியது, குலுங்கியது, நின்றது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குப் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது. ஓடும்போது அது பஸ். நிற்கும்போது கொல்லன் பட்டறை.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க!" என்றார் கண்டக்டர்.

துப்பறியும் அப்பாசாமி எழுந்திருக்கவில்லை. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, டிரைவரின் பிடரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோர்ட்டில் இருபது வருஷம் சம்மன் கொடுக்கும் அமீனாவாக இருந்தவர் அவர். 'அவரு ஊட்டுல இல்லீங்க' என்று யாராவது சொன்னால், அந்த 'அவரு' பரண்மேல் இருக்கிறாரா, கட்டிலுக்கு அடியில் இருக்கிறாரா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அந்தத் திறமையை நம்பித்தான் பென்ஷன் வாங்கியபின் துப்பறியத் தொடங்கியிருந்தார்.

அவருடைய உதவியாளன் அர்த்தனாரி இறங்கித் தள்ளினான். நாடகக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பெண் வேஷம் கட்டியவன். கம்பெனி கலைந்த அன்றே மீசை வளர்க்க ஆரம்பித்துவிட்டான். ஆனாலும் நடையில் கதாநாயகி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தாள்.

வழக்கு இதுதான். பஸ்ஸின் முதலாளி மருதாசலம், ராசிபுரத்தில் மண்டிக் கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒரே பஸ். அதற்கு ஒரே டிரைவர், கொல்லிமலையில் குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியைச் சேர்ந்த செல்லமுத்து. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ராசிபுரத்துக்கும் முள்ளுக்குறிச்சிக்கும் நடுவே வண்டி ஓடும். செல்லமுத்துவின் லைசென்ஸ் நாளை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. பழைய லைசென்சில் போட்டோ கிடையாது. இந்தத் தடவை போட்டோ ஒட்டாமல் புதுப்பிக்க முடியாது என்று சேலம் லைசென்ஸ் ஆபீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

போட்டோ எடுத்தார்கள். மருதாசலத்தின் மேஜைமேல் விண்ணப்பப் பாரத்தோடு வைத்தார்கள். மறுநாள் பாரம் இருந்தது, போட்டோ இல்லை. மறுபடி எடுத்து பஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டு இருந்தது, போட்டோ இல்லை. மூன்றாவது தடவை எடுத்தது போட்டோக்கடையை விட்டு மருதாசலத்தின் கைக்கே வந்து சேரவில்லை.

"லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்ட முடியாதுங்க. வண்டி நின்னா ரூட்டு போயிரும். ரூட்டு போனா மலைச்சனம் மொளகையும் பலாப்பழத்தையும் தலையிலயேதான் ராசிபுரத்துக்குச் சுமக்கோணும்," என்று மருதாசலம் அழாத குறையாகச் சொல்லியிருந்தார். "எதிர் பஸ்காரன் வேலைதானுங்க இது!"

அப்பாசாமி போட்டோக்கடையில் விசாரித்தபோது கடைக்காரர் சொன்னது வேறு. "செவ்வாக்கெழமை உச்சி நேரத்துல டிரைவரே வந்து கவரை வாங்கிட்டுப் போனாருங்க. போட்டோவுல இருக்கற அதே மூஞ்சி. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தாரு."

கவரை வாங்கியவர் ரசீதில் வைத்த கைநாட்டு பிசுபிசுவென்று ஒட்டியது. அப்பாசாமி முகர்ந்து பார்த்தார். பலாப்பழப் பால்.

ஆனால் மருதாசலம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "செவ்வாக்கெழமை உச்சியில செல்லமுத்து பஸ்ஸை ஓட்டிக்கிட்டு எங் கடைவாசல்லதானுங்க போனான். எப்பவும்போல கையக் காட்டினேன். எப்பவும்போல ஆரன் அடிச்சான்!"

ஒரே ஆள். ஒரே நேரம். இரண்டு இடம்.

டிரைவரிடம் நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவான் என்று, மிளகு வாங்க வந்த வியாபாரிகளைப் போல இருவரும் இன்று பஸ் ஏறியிருந்தார்கள்.

வண்டி உயிர் பிடித்தது. அர்த்தனாரி மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தான்.

"மூணு தடயம்," என்றார் அப்பாசாமி ரகசியமாக. "ஒண்ணு, ஸ்டியரிங் சக்கரத்தைப் பாரு. மஞ்சளா இருக்குது."

"ஆமாங்கண்ணா, நானும் அதைத்தான் சொல்லோணும்னு..."

"குறுக்கே பேசாதே. ஆளு மஞ்சள் கடத்தறான். ரெண்டு, நாமகிரிப்பேட்டையில ஒரு பொம்பளை பூ குடுத்தா. இவன் வாங்கி மப்ளருக்குள்ள செருகிக்கிட்டான். கனகாம்பரம் அஞ்சு, மரிக்கொழுந்து ரெண்டு. ஏதோ சங்கேதம்."

"அண்ணா, எனக்கு என்ன தோணுதுன்னா..."

"உனக்கு நாடகப் புத்தி. மூணு, ராசிபுரத்துல இருந்து வாயைத் திறக்கலை. மூஞ்சி பூராவும் கரி. தலையோட கழுத்தைச் சுத்தி மப்ளர், கண்ணுக்குக் கண்ணாடி. குரலை மறைக்கறவன் எதையோ மறைக்கறான்."

"அதுதானுங்கண்ணா நானும்..."

"முள்ளுக்குறிச்சி வந்துருச்சு. எறங்கு."

சனங்கள் இறங்கினார்கள். டிரைவரும் இறங்கினார். படியில் கால் வைக்கும்போது அவருடைய வலக்கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போய், அங்கே இல்லாத எதையோ கொத்தாகப் பிடித்துத் தூக்கியது. அர்த்தனாரி அதைப் பார்த்தான். மீசைக்குள் சிரித்துக்கொண்டான். சொல்ல வாயெடுத்தவன், இன்றைக்கு மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று விட்டுவிட்டான்.

டிரைவர் உருளையின் சாம்பலைக் கிளற உட்கார்ந்ததும், அப்பாசாமி பக்கத்தில் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த சென்னம்மாளை மடக்கினார். அவளும் அதே பஸ்ஸில் வந்த மலைக்காரிதான்.

"ஏனுங்கம்மா, மலைமேல ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கற ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"நம்ம செல்லமுத்துதானுங்க. டிரைவரு."

"டிரைவர் அதோ சாம்பலைக் கிளறிக்கிட்டு இருக்காரே?"

சென்னம்மாள் கூடையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கீழயும் இருக்குதுங்க, மேலயும் இருக்குதுங்க. வாங்க, எங்கூடு அதே பக்கந்தான். காட்டறேன்."

கொல்லிமலை ஏற்றம் துப்பறிகிறவர் என்று பார்த்துச் சலுகை காட்டுவதில்லை. முதல் மணி நேரத்தில் அப்பாசாமி கோட்டைக் கழற்றினார். இரண்டாவது மணி நேரத்தில் பேச்சை நிறுத்தினார். சென்னம்மாள் தலையில் உப்புக் கூடையோடு, குண்டனி நாட்டில் யார் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

"அண்ணா, உட்காருங்க," என்றான் அர்த்தனாரி.

"நான் களைக்கலை. பாறையை ஆராயறேன்."

"அதைப் படுத்துக்கிட்டு ஆராயறீங்களேன்னுதான் கேட்டேன்."

மேலே, மிளகுக்கொடி படர்ந்த ஒரு மரத்தை ஒட்டிப் புல் வேய்ந்த வீடு. வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்து பலாப்பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தான். வலது கணுக்காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. பக்கத்தில் ஊன்றுகோல்.

அப்பாசாமி பாய்ந்தார். "அசையாதே!"

"அசைய முடியாதுங்க. கால் ஒடிஞ்சிருக்குதுங்க."

"பேர் என்ன?"

"செல்லமுத்துங்க."

"பொய்! உண்மையான செல்லமுத்து கீழே பஸ்கிட்ட இருக்கான். என் கண்ணால பாத்துட்டு வாரேன். நீ அவன் பேர்ல போட்டோவைத் திருடின போலி!"

அந்த ஆள் சுளையைக் கீழே வைத்தான். "நாந்தானுங்க நெசமான செல்லமுத்து. வேணும்னா லைசென்ஸைக் காட்டறேன்."

உள்ளே இருந்து நாலாக மடித்த காகிதம் வந்தது. அப்பாசாமி முன்னும் பின்னும் புரட்டினார். "இதுல போட்டோ இல்லையே! இது உன்னுதுதான்னு எப்படித் தெரியும்?"

"அதாலதானுங்க இத்தனை வம்பும்," என்றான் செல்லமுத்து பரிதாபமாக.

"போட்டோவெல்லாம் எங்கே?"

செல்லமுத்து கூரையைக் காட்டினான். எரவாணத்தில், தடவைக்கு இரண்டு பிரதியாக, ஆறு போட்டோக்கள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. ஆறு செல்லமுத்துக்கள் எண்ணெய் தேய்த்த தலையோடு அப்பாசாமியை முறைத்தார்கள்.

"எரிச்சுறலாம்னு சொன்னாங்க. எனக்கு மனசு வரலீங்க. எம் மூஞ்சியை நானே எப்படிங்க அடுப்புல போடறது?"

"சொன்னாங்களா? யாரு சொன்னாங்க? உன் கூட்டாளி யாரு?"

அதற்குள் பாதையில் காலடிச் சத்தம். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அப்பாசாமி சட்டென்று வாசலோரத்துத் தானியக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அர்த்தனாரியையும் இழுத்துக்கொண்டார். சென்னம்மாள் மட்டும் வாசலிலேயே கூடையை இறக்கி வைத்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

டிரைவர் வந்தார். காக்கிக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். மப்ளரைப் பிரித்தார். உள்ளேயிருந்து கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் விழுந்தன. பின்னாலேயே இடுப்பு வரை ஒரு பின்னல் விழுந்தது. உள்ளே போய்க் காக்கிக் கால்சட்டையை மாற்றி, சேலை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அப்பாசாமி அர்த்தனாரியின் காதைக் கடிக்காத குறையாகச் சொன்னார். "பாத்தியா! திருடன் பொம்பளை வேஷத்துக்கு மாறிட்டான்!"

"அண்ணா," என்றான் அர்த்தனாரி. "இப்பத்தான் வேஷம் கலைஞ்சிருக்குதுங்க."

குதிருக்குப் பின்னாலிருந்து அப்பாசாமி தலையில் சாமை உமியோடு மெதுவாக வெளியே வந்தார்.

அந்தப் பெண் திடுக்கிட்டாலும் பின்வாங்கவில்லை. "ராசிபுரத்துல இருந்து எம் பிடரியைப் பாத்துக்கிட்டே வந்தது நீங்கதானுங்களா? நாம் பாப்பாயிங்க. இவரு எங்கூட்டுக்காரரு."

கதை சுருக்கமாக வந்தது. பஸ் ஓடாத நாட்களில் முள்ளுக்குறிச்சி மந்தைவெளியில் வண்டி சும்மா நிற்கும். செல்லமுத்து பொழுதுபோக்காகப் பெண்டாட்டிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் பலா மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் வேறு டிரைவரை வைத்துவிடுவார். பாப்பாயி கோட்டை மாட்டிக்கொண்டாள். கால் ஒரு மாதத்தில் கூடிவிடும் என்றார் வைத்தியர். எலும்பு கோணலாகக் கூடியது. மறுபடி கட்டுப் போட்டார்கள். அதற்குள் இந்தப் போட்டோ வந்து சேர்ந்தது.

"மொதலாளி சொன்னா இவரு போய் உக்காந்து எடுத்துக்கிட்டு வருவாருங்க. ஆனா இவரு மூஞ்சியை லைசென்சுல ஒட்டிட்டா, ரோட்டுல நிறுத்திப் பாக்கறவங்க என்னைப் புடிச்சுக்குவாங்க. எம் மூஞ்சியை ஒட்டினா மொதலாளி புடிச்சுக்குவாரு. அதான் கால் கூடற வரைக்கும் நாளைக் கடத்தலாம்னு மேசைமேல இருந்ததையும் பெட்டியில இருந்ததையும் நானே எடுத்துட்டேன். மூணாவதை இவரு கழுதைமேல ஏறிப் போய் வாங்கிட்டு வந்துட்டாரு."

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பாசாமி.

சென்னம்மாள் வாசலிலிருந்தே பதில் சொன்னாள். "முள்ளுக்குறிச்சிக்குத் தெரியுங்க. குண்டனி நாட்டுக்குத் தெரியும். பெரக்கரை நாட்டுக்கும் தெரியும். தெரியாதது ரெண்டே பேருங்க. மொதலாளி ஒருத்தரு."

"இன்னொருத்தர்?"

"நேத்து வரைக்கும் அவரு ஒருத்தர்தானுங்க. இன்னிக்கு நீங்க பஸ் ஏறினீங்க."

அப்பாசாமி உதவியாளன் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

"எறங்கறப்பவே தெரியுங்கண்ணா. இல்லாத கொசுவத்தைக் கையில புடிச்சுத் தூக்கினாங்க. நான் மேடையில சேலையோட இல்லாத வேட்டியை மடிச்சுக் கட்டப் போய் எத்தனை நாள் வாத்தியார்கிட்ட அடி வாங்கியிருப்பேன்! சக்கரத்துல இருந்தது கையில பூசின மஞ்சள். பூவு தலைக்கு வெக்கற பூவு. மூணு தடவை சொல்ல வந்தேன்."

அப்பாசாமி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பாப்பாயி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மொதலாளி உங்களை எதுக்கு அனுப்பினாரோ அதைச் செய்யுங்க. தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன். ஆனா ஒண்ணு. எட்டு மாசத்துல ஒரு ஆட்டுக்குட்டி மேலகூட நான் ஏத்தினதில்லீங்க. நாளைக்கு வேற ஒருத்தன் அந்த சீட்டுல உக்காந்தா, எனக்குச் சோறு போறதைவிட அந்தச் சக்கரம் போறதுதான் பெருசா வலிக்கும்."

செல்லமுத்து தலையைக் குனிந்து பலாச்சுளையின் கொட்டையை நோண்டிக்கொண்டிருந்தான்.

அப்பாசாமி பையிலிருந்து மருதாசலம் கொடுத்த பாரத்தை எடுத்தார். தடயத்தைத் தப்பாகப் படிப்பாரே தவிர, அச்சடித்த காகிதத்தை அவர் தப்பாகப் படித்ததே கிடையாது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்பக்கத்தைப் படித்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததையும் படித்தார்.

"ஏம்மா, நீ சொந்தமா ஒரு லைசென்ஸ் கேட்டா என்ன?"

"பொம்பளைக்குக் குடுப்பாங்களாங்க?"

"மனுதாரர்னு போட்டிருக்குது. நபர்னு போட்டிருக்குது. வயசு கேக்கறான், கண்ணு தெரியுமான்னு கேக்கறான், காது கேக்குமான்னு கேக்கறான். ஆம்பளையான்னு எங்கேயும் கேக்கலை."

மறுநாள் காலை, குற்றவாளியைச் சேலத்தில் ஒப்படைக்கப் போவதாகச் சொல்லி அப்பாசாமி மருதாசலத்தை ராசிபுரத்தில் பஸ் ஏற்றினார். டிரைவர் வழக்கம்போலக் கரியும் மப்ளருமாக இருந்தார். மருதாசலம் வழி முழுக்கப் புகழ்ந்தார். "பாருங்க நம்ம செல்லமுத்து ஓட்டறதை! மடியில மோர்ச்சட்டி வெச்சுக்கிட்டு வரலாமுங்க. முன்னாலெல்லாம் கொஞ்சம் மொரடு. இந்த எட்டு மாசமாத்தான் பக்குவமாயிட்டான்."

அர்த்தனாரி ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான்.

சேலம் ஆபீஸ் முற்றத்தில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி, மப்ளரைப் பிரித்து, அதைக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருதாசலத்துக்கு வாய் பிளந்தது.

"நீ... நீ யாரு அம்மிணி?"

"உங்க டிரைவருங்க மொதலாளி."

"செல்லமுத்து எங்கே?"

"ஊட்டுல பலாப்பழம் அரிஞ்சுக்கிட்டு இருக்காருங்க. எட்டு மாசமா."

"நான் கையக் காட்டினப்ப எல்லாம் ஆரன் அடிச்சது?"

"நானுங்க."

"தீபாவளிக்கு நல்ல டிரைவர்னு வேட்டி எடுத்துக் குடுத்தேனே?"

"அவரு கட்டிக்கறாருங்க."

மருதாசலத்தின் முகம் சிவந்து கறுத்தது. "இத்தனை நாள் என்னை முட்டாளாக்கினீங்களா? ஊரே சிரிச்சிருக்குமே!" என்று கத்தத் தொடங்கினார். அதே நேரம், அப்பாசாமி பாப்பாயி பேரில் எழுதி உள்ளே கொடுத்தனுப்பியிருந்த பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சிரிக்காத மனிதர். பாப்பாயியைப் பார்த்தார், கரி பஸ்ஸைப் பார்த்தார், முற்றத்து மூலையில் நின்ற இரண்டு மாட்டு வண்டிகளைப் பார்த்தார். "அந்த ரெண்டுக்கும் நடுவுல பஸ்ஸைப் பின்னாலேயே கொண்டு போய் நிறுத்து."

பாப்பாயி சீட்டில் ஏறினாள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகள் தலையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு பஸ் நின்றது.

"எங்கே ஓட்டிப் பழகினே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரோட்டுலதா..." என்று ஆரம்பித்த பாப்பாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாமல் எட்டு மாதம் ரோட்டில் ஓட்டியது தெரிந்தால் பாரம் கிழியும், பஸ்ஸும் நிற்கும். எல்லாரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மருதாசலம் பஸ்ஸைப் பார்த்தார். இரண்டு பக்கமும் இருந்த அந்த ஒரு சாணைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மந்தையிலங்க. நாந்தான் பக்கத்துல உக்காந்து பழக்கினேன்."

"உமக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அதனாலதான் புள்ளை கெட்டுப்போகாம ஓட்டுதுங்க."

இன்ஸ்பெக்டர் அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாரத்தில் கையெழுத்துப் போட்டார். "போட்டோ எங்கே?"

மணி இரண்டரை. பக்கத்துத் தெருப் போட்டோக்கடைக்கு எல்லாரும் ஓடினார்கள். பாப்பாயி நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் பிடிக்கிற நேரத்துக்கு இரண்டு கையும் தானாக எழும்பிக் காற்றைப் பிடித்துக்கொண்டன. இறக்கினால் மறுபடி எழும்பின. கடைசியில் அர்த்தனாரி ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பிடித்துக்கொள்ள வட்டமாக ஒன்று கிடைத்ததும் அவள் உடம்பு தளர்ந்தது, முகம் மலர்ந்தது. அந்த நொடியில் கடைக்காரர் அமுக்கினார்.

படத்தை அலசிக் காய வைத்து, கழுத்துவரை வெட்டி, ஈரம் முழுக்கப் போகாமலேயே எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். குமாஸ்தா குடையைக் கையில் எடுத்திருந்தார். மருதாசலம் குடையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. குமாஸ்தா பெருமூச்சோடு உட்கார்ந்து போட்டோவை ஒட்டி, ரப்பர் முத்திரையை மையில் தோய்த்து, அவசரமாக ஒரு குத்துக் குத்தினார்.

முத்திரையின் ஓரம் சரியாகப் பாப்பாயியின் மூக்குக்குக் கீழே பதிந்தது. இரண்டு பக்கமும் வளைந்து, நுனி முறுக்கிய, அருமையான கறுப்பு மீசை.

குமாஸ்தா பதறி, துடைக்கத் துணியை எடுத்தார். பாப்பாயி லைசென்ஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் அந்த ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி வெளியே வந்தது.

"இருக்கட்டும் விடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கூட்டுக்காரரை விட எனக்குத்தான் எடுப்பா இருக்குது."